இரைப்பையை வெட்டினால் பசி ஏன் அடங்குகிறது?

"இரைப்பையைத்தானே வெட்டுகிறார்கள், கொஞ்ச நாளில் அது மறுபடி விரிந்துவிடாதா?" உடல் பருமன் அறுவைச் சிகிச்சை பற்றி வாசகர் ஒருவரின் கேள்வி இது. ஓரளவு விரியும்தான். ஆனால் சிகிச்சை பலிப்பதற்குக் கொள்ளளவு மட்டும் காரணமல்ல.

பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 40-ஐத் தொட்டால் தீவிர உடல் பருமன். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 109 கிலோ. 35-க்கு மேல் போனாலே அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது 2022-இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே.

அதற்கு முன் உணவுக் கட்டுப்பாடு போதாதா? எடை குறைந்ததும் கொழுப்புச் செல்கள் சுரக்கும், பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் சரிகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கும் கிரெலின் ஹார்மோன் ஏறிப் பசியைக் கிளப்புகிறது. ஓய்வில் செலவாகும் ஆற்றலோ, இழந்த எடைக்கு ஏற்பக் குறைய வேண்டியதைவிட அதிகமாகவே குறைகிறது. இளைத்தவர் மீண்டும் பருப்பதற்கு 'வாயைக் கட்டத் தெரியாததுதான் காரணம்' என்பவர்கள் இந்த உடலியலைப் படித்ததில்லை.

இனி அறுவை. ஸ்லீவ் முறையில், சுமார் 12 மி.மீ. தடிமனுள்ள குழாயை அளவுகோலாக உள்ளே வைத்து, அதையொட்டி ஸ்டேப்ளரால் வெட்டித் தைப்பார்கள். இரைப்பையில் முக்கால் பங்கு வெளியே போகும், கிரெலின் சுரக்கும் பகுதியும் சேர்ந்து. பைபாஸ் முறையில் மேலே 30 மி.லி. கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைப்பார்கள். பித்தநீரும் கணையநீரும் தனி வழியில் இறங்கி, கீழே ஓரிடத்தில் உணவோடு கலக்கும்.

சுவாரசியம் இங்கேதான். வழக்கமாக உணவில் பெரும்பகுதி மேல்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். சிறுகுடலின் கடைப்பகுதியில் செறிந்திருக்கும், ஹார்மோன் சுரக்கும் எல்-செல்களுக்கு மிச்சம்தான் போய்ச் சேரும். பைபாஸுக்குப் பின் அரைகுறையாகச் செரித்த உணவு விரைவாக அங்கே வந்து விழுகிறது. எல்-செல்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்களை முன்பைவிடப் பல மடங்கு கொட்டுகின்றன. ஜிஎல்பி-1 கணையத்தில் இன்சுலினைத் தூண்டும். இரண்டும் சேர்ந்து மூளைக்குப் 'போதும்' என்று சொல்லும். எடை கணிசமாக இறங்கும் முன்பே, சில நாள்களில் ரத்தச் சர்க்கரை இறங்குவதில் இதற்கும் பங்குண்டு. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்: குடல் ஹார்மோன்களை அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசியைப் போட்டதும், பைபாஸ் செய்தவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரைப்பையைச் சுற்றி வெறும் பட்டை மட்டும் போட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பை சிறியது என்பதே எல்லாமாக இருந்தால் ஊசி எப்படி வேலை செய்யும்?

இதே ஜிஎல்பி-1-ஐ ஊசியாகப் போட்டால் என்ன? இயற்கையானது ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்து, அவ்வளவு சீக்கிரம் சிதையாத எக்செண்டின்-4, ஹீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் எச்சிலில் கிடைத்தது. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஜான் எங் அதை 1992-இல் அறிவித்தார், 2005-இல் அது சர்க்கரை நோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல்லி எச்சிலை ஆராயவெல்லாம் பணமா என்று நிதிக்குழுக்களில் கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இதே வகையில் இன்றைய எடைக்குறைப்பு ஊசியான செமாக்ளுடைடு, கொழுப்பு அமிலச் சங்கிலி ஒன்றால் ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு ஒரு வாரம் தாக்குப்பிடிக்கிறது. வாரம் 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கொரு படியாக 2.4 மி.கி. வரை ஏற்றுவார்கள், அவசரப்பட்டு ஏற்றினால் குமட்டலும் வாந்தியும் படுத்தும். பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரி எடைக்குறைவு சுமார் 15 சதவீதம். நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. லெப்டின் கணக்கு இங்கும் விடாது.

அறுவைக்கும் விலை உண்டு. தையல் கசிவுதான் முதல் பயம்: வயிற்றுவலி பெரிதாக இல்லாவிட்டாலும் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினால் உடனே பார்க்க வேண்டும். ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல் கூடலாம். பைபாஸுக்குப் பின் இனிப்பு அதிகம் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வரும். பி12, இரும்பு, கால்சியம் ஆயுள் முழுக்கத் தேவை; அமிலம் குறைந்துவிடுவதால் கால்சியம் கார்பனேட்டைவிட சிட்ரேட் நன்றாக உட்கிரகிக்கப்படும். புரதம் நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்து மூளை பாதிக்கப்படும். அப்படி வருபவருக்கு குளுக்கோஸ் டிரிப்பை ஏற்றும் முன் தயமின் ஊசியைப் போட்டாக வேண்டும்.