இறகு பதிந்த சுண்ணாம்புச் சேறு

ஜெர்மனியின் பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊரைச் சுற்றி, பலகை பலகையாகப் பிரியும் வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. வயது ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகள். ஜுராசிக் காலத்தின் பிற்பகுதி. பொதுவாக எலும்பு, ஓடு மாதிரி கெட்டியானவைதான் புதைபடிவமாகும். இந்தக் கல்லிலோ தும்பியின் சிறகு நரம்புகளும், எலும்பே இல்லாத சொறிமீனின் தடமும்கூடப் பதிந்திருக்கின்றன. அது எப்படி?

அன்று அந்தப் பகுதி வெதுவெதுப்பான கடல். கடற்பஞ்சுகளும் பவளங்களும் கட்டிய திட்டுகள் குறுக்கே நின்றதால் காயல்கள் உருவாயின. வெளிக்கடல் நீர் தாராளமாக வந்துபோக வழியில்லை, வெயிலும் கடுமை. நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறியது. கனத்த உப்புநீர் அடியில் தங்கிவிட்டது, அங்கே ஆக்சிஜனும் மிகக் குறைவு. அதனால் பிணம் தின்ன நண்டு இல்லை, சேற்றைக் கிளறப் புழுவும் இல்லை. புழு இல்லாததுதான் பெரிய விஷயம் என்பேன். மற்ற கடலடிகளில் அவை துளைத்துத் துளைத்தே அடுக்குகளைக் கலைத்துவிடும். இங்கே மாவு போன்ற சுண்ணாம்புச் சேறு படிந்தது படிந்தபடியே கிடந்து கல்லாயிற்று.

அந்த நீரின் கொடுமைக்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. குதிரைலாட நண்டு ஒன்று நடந்த தடம் 9.7 மீட்டர் நீள்கிறது. அது முடியும் இடத்தில் அதே நண்டின் உடல். ஓர் உயிரின் கடைசி நடையை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் பாறை எனக்கு எந்த ராட்சத எலும்புக்கூட்டையும்விட வியப்பானது.

புகழ் என்னவோ ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவைக்குத்தான். பரிணாமத்தை விளக்கிய டார்வினின் நூல் வந்த இரண்டே ஆண்டுகளில், 1861இல், முதலில் ஓர் இறகும் அப்புறம் ஓர் எலும்புக்கூடும் வெளிச்சத்துக்கு வந்தன. பற்களும் எலும்பு வாலும் ஊர்வனவற்றுக்கு உரியவை, இறகுகள் பறவைக்கு உரியவை. இறகுத் தடம் மட்டும் இல்லையென்றால்? 1951இல் கிடைத்த இன்னொரு ஆர்க்கியாப்டெரிக்ஸில் அந்தத் தடம் மங்கல். அதைக் காம்ப்சோக்னதஸ் என்ற சிறிய டைனோசர் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள்.

சரி, இவை கண்ணில் பட்டது எப்படி? 1796இல் அலாய்ஸ் செனஃபெல்டர் கல்லின்மேல் வரைந்து அச்சிடும் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு இந்த வழவழப்பான கல்லே மிகப் பொருத்தம் என்பதால் கல்குவாரிகள் பெருகின. புதைபடிவங்கள் இங்கே அடிக்கடி கிடைப்பவை அல்ல. பழுதில்லாத கல்லைத் தேடித் தொழிலாளர்கள் பலகை பலகையாகக் கையால் பிளந்து பார்த்ததாலேயே அவை வெளிவந்தன.