தொண்டையில் சீழ் கட்டினால் மாத்திரை மட்டும் போதாது

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் அக்கா மகனுக்குப் போன மழையில் தொண்டை வலி வந்தது. மூன்று நாள் உப்புத் தண்ணீர் கொப்பளித்தான், மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையும் போட்டான். நாலாம் நாள் போனில் அவன் குரலைக் கேட்டதுமே பயந்துவிட்டேன். சுடச்சுட மரச்சீனிக் கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. "மக்கா, வாயைத் திறக்க முடியுதா?" என்றேன். "இல்ல மாமா, ரெண்டு விரல்கூட நுழையல." உடனே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன்.

டான்சிலுக்கும் அதன் பின்னால் இருக்கும் தொண்டைத் தசைக்கும் நடுவே சீழ் தேங்குவதுதான் இது. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். அந்தப் பக்கம் உப்பி, உள்நாக்கை மறுபக்கம் தள்ளிவிடும். பக்கத்தில் இருக்கும் தாடைத் தசையும் இறுகிப்போவதால்தான் வாய் திறக்காது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிடுவார்கள், அதே பக்கத்துக் காதும் வலிக்கும்.

ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகப் போகிற மருந்து. சீழ்ப் பைக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் மருந்து உள்ளே சரியாக எட்டாது. கட்டி சிறியது என்றால் மருந்தை மட்டும் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு, ஆனால் நன்றாகச் சீழ் பிடித்துவிட்டால் வெளியே எடுத்தே ஆகவேண்டும். இவனுக்கு ஸ்ப்ரே அடித்து மரத்துப்போக வைத்து, தடித்த ஊசியால் உறிஞ்சினார்கள். ஊசியின் பிளாஸ்டிக் மூடியை நுனியில் வெட்டிவிட்டு மறுபடியும் மாட்டியிருந்தார்கள், ஒரு சென்டிமீட்டர் ஊசி மட்டும்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காரணம், டான்சிலுக்குப் பின்னால் சுமார் 2.5 செ.மீ. தள்ளித்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. சிரிஞ்சில் மஞ்சளாக, நாற்றத்தோடு சீழ் ஏறியது. சாயங்காலமே கஞ்சி குடித்தான்!

ஊசியில் முழுசாக வராவிட்டால் கத்தியால் சின்னதாகக் கீறி வடியவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் அசையாமல் இருக்க மாட்டார்கள் என்பதால் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டியிருக்கும். எப்படி எடுத்தாலும் அப்புறம் ஆன்டிபயாடிக் உண்டு, பெரும்பாலும் 10 முதல் 14 நாள். வலி போய்விட்டதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது. வீக்கமும் வலியும் சீக்கிரம் குறைய ஒரு டோஸ் ஸ்டீராய்டும் சில டாக்டர்கள் கொடுப்பார்கள்.

சரி, டான்சிலையே எடுத்துவிட வேண்டுமா? முன்பெல்லாம் எல்லாருக்குமே அதைத்தான் சொல்வார்கள். இப்போது திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குத்தான், அதுவும் பெரும்பாலும் புண் ஆறிச் சில வாரம் கழித்து. இவனுக்கு இது முதல் தடவை, அதனால் எடுக்கவில்லை. மறுபடி வலித்தால் கொப்பளித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கழுத்து வீங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, நடுராத்திரி என்றாலும் உடனே 108.