நூல் யார் கையில்? ‘புக்கர்’ என்ற சொல்லைப் பற்றி

2022 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. ‘77 வயதாகிறது, ஓய்வுபெறும் நேரம் வந்துவிட்டது’ என்று வின்ஸ் மக்மான் ட்விட்டரில் அறிவித்தார். 77 நிறைய இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது. டபிள்யூடபிள்யூஇ என்ற அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தை 1982இல் அப்பாவிடமிருந்து விலைக்கு வாங்கி, நாற்பது வருஷம் தன் கைக்குள் வைத்திருந்தவர். அன்றைக்கே அவருடைய மகள் ஸ்டெஃபனியும் நிக் கானும் கூட்டாகத் தலைமைச் செயல் அதிகாரிகள் ஆனார்கள். பங்குச் சந்தைக்காரர்களுக்கு அதுதான் செய்தி. ரசிகர்களோ அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்: ‘சரி, இனிமேல் புக்கர் யார்?’

விடை மூன்று நாளில் வந்தது. பால் லெவெக். ட்ரிபிள் எச் என்று சொன்னால்தான் நம்மில் பலருக்கு முகம் நினைவுக்கு வரும். வாயில் தண்ணீரை நிரப்பி அண்ணாந்து பீய்ச்சுவாரே, அவர்தான்.

நிறுவனத்தின் உச்சப் பதவியைவிட இந்த ஒரு வேலைக்கு ஏன் இவ்வளவு மவுசு? தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது மணி அடிப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். ஜெயிப்பது மட்டுமில்லை. எத்தனை நிமிஷத்தில், எந்தப் பிடியில், தோற்றவர் தலை நிமிர்ந்து போகிறாரா தவழ்ந்து போகிறாரா, அடுத்த வாரம் இருவரும் மறுபடி மோதுகிறார்களா, ஆறு மாதம் கழித்துப் பட்டம் யார் இடுப்பில் என்பதெல்லாம் ஒருவருடைய தலைக்குள் உருவாகும் கணக்கு. அந்தக் கணக்கைப் போடுகிறவர்தான் புக்கர். அவர் செய்யும் வேலை புக்கிங். ‘புக்கிங் சரியில்லை’ என்று ஒரு ரசிகர் சொன்னால், வீரர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள், ஆட்டத்தை அமைத்த விதம்தான் கெட்டுப்போனது என்று பொருள்.

சொல்லின் வேருக்குப் போவோம். ஆங்கிலத்தில் ‘புக்’ என்பது பழைய ஜெர்மானிய வழிச் சொல். எழுத்து, பத்திரம், ஏடு என்று பொருள். பீச் என்ற மரத்தின் பெயரோடு அது உறவுள்ளது என்பது வெகுகாலமாக இருந்துவரும் கருத்து, எல்லா மொழியியலாளர்களும் ஒப்புக்கொண்டதில்லை. நம் ‘ஓலை’ அப்படிப்பட்ட பயணம் போனதில் சந்தேகமே கிடையாது. மரத்தின் உறுப்பு, எழுதும் பொருளாகி, கடைசியில் எழுதிய கடிதத்துக்கே பெயரானது. புத்தகம் என்ற பெயர்ச்சொல் பிறகு வினையாகி, பதிவேட்டில் எழுதிவைப்பதைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் வண்டியில் இடம் பிடிப்பதும், நாடகக்காரர்களை ஒரு ஊருக்கு ஒப்பந்தம் செய்வதும் ‘புக்’ பண்ணுவதாயிற்று. நாம் மண்டபம் புக் பண்ணுவதும் மேளம் புக் பண்ணுவதும் அந்த வழியில் வந்ததுதான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கு ராஜபார்ட், ஸ்திரீபார்ட் ஆட்களைத் தனித்தனியாகப் பேசி, ஊர்த் திருவிழாவுக்குத் தேதி வாங்கிக் கொடுக்கும் ஏஜெண்ட் செய்வதும் இதே வேலை.

மல்யுத்தத்துக்கும் சொல் இந்தப் பொருளில்தான் வந்தது. 1948இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு உருவானபோது, ஒவ்வொரு வட்டாரமும் ஒருவர் பிடியில் இருந்தது. சின்னச் சின்ன ஊர்களில் அரங்கை வாடகைக்கு எடுத்து, சுவரொட்டி ஒட்டி, டிக்கெட் விற்பவர் புரமோட்டர். அவருக்கு வேண்டிய வீரர்களை அனுப்பிவைப்பவர் புக்கர். எவன் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருப்பான் என்று அவர் கையிலிருக்கும் ஏட்டில் எழுதியிருக்கும். கூட்டமைப்பின் உலகச் சாம்பியனுக்குத் தேதி ஒதுக்கும் ஏடு பல காலம் செயின்ட் லூயியில் சாம் மச்னிக் கையில் இருந்தது. இந்த வட்டாரப் பங்கீடு சந்தையைப் பூட்டிவைக்கிறது என்று அமெரிக்க நீதித் துறை வழக்குத் தொடுத்து, 1956இல் விசாரணைக்குப் போகாமல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தீர்ப்புக்கு அலையன்ஸ் இணங்க நேர்ந்தது தனிக் கதை.

தேதி குறிப்பவர் எப்படி முடிவைக் குறிப்பவர் ஆனார்? இதுதான் இந்தச் சொல்லின் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஒரு வீரர் அடுத்த மாதம் வேறு வட்டாரத்துக்குப் போகப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஜெயித்த கையோடு போய்விட்டால், இங்கே மிச்சம் இருப்பவர்கள் மதிப்பு என்ன ஆகும்? அதனால் போவதற்கு முன் உள்ளூர் ஆளிடம் தோற்றுவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. ஆக, யார் எப்போது வருகிறார், எப்போது போகிறார் என்று எழுதும் பென்சிலே யார் ஜெயிக்கிறார் என்றும் எழுத ஆரம்பித்தது. நாட்குறிப்பு கதைக்குறிப்பாக மாறியது. இத்தொழிலில் இருப்பவர்கள் இன்றும் ‘புக் யார் கையில்?’, ‘பென்சில் யார் கையில்?’ என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். பென்சில் என்பது பொருத்தமான சொல். ஒருவருக்குத் தோள்பட்டை விலகினால் ஆறு மாதக் கதையை அழித்து எழுத வேண்டியிருக்கும்.

இப்போது தமிழுக்கு வருவோம். அகராதியைப் பார்த்து ‘முன்பதிவாளர்’ என்று எழுதினால் ரயில் நிலையக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் நினைவுக்கு வருவார். சொல்லின் பழைய பாதி மட்டும் அதில் இருக்கிறது, புதிய பாதி இல்லவே இல்லை. ‘மேலாளர்’ இன்னும் மோசம். மல்யுத்தத்தில் மேனேஜர் என்றால் வீரரோடு வளையம்வரை வந்து அவருக்காக மைக்கில் பேசுபவர், பால் ஹேமன் மாதிரி. ‘கதாசிரியர்’ என்று சொல்லலாம்போலத் தோன்றும். ஆனால் டபிள்யூடபிள்யூஇயில் கதை எழுதத் தனியாக ஒரு குழுவே சம்பளத்துக்கு இருக்கிறது. அவர்கள் எழுதியதைக் கிழித்துப்போடும் உரிமை உள்ளவர்தான் புக்கர்.

தெருக்கூத்தில் ‘வாத்தியார்’ என்று ஒருவர் இருக்கிறார். இன்றைக்கு எந்தக் கூத்து, யார் எந்த வேஷம் கட்டுவது என்று தீர்மானிப்பவர் அவர். பல ஜமாக்களில் அவரே முக்கிய வேஷமும் கட்டுவார். வேலையால் பார்த்தால் புக்கருக்கு இவ்வளவு நெருங்கிய உறவுக்காரர் வேறு யாரும் கிடையாது. 1980களில் ஜிம் கிராக்கெட்டின் மல்யுத்த நிறுவனத்தில் டஸ்டி ரோட்ஸ் புக்கராகவும் முதல்நிலை நாயகனாகவும் ஒரே நேரத்தில் இருந்தார். ஆனால் ‘டபிள்யூடபிள்யூஇக்குப் புது வாத்தியார்’ என்று எழுதினால் யாரோ பயிற்சி கொடுக்க வந்திருக்கிறார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். மனமில்லாமல்தான் இந்தச் சொல்லை ஒதுக்குகிறேன்.

‘சூத்திரதாரி’ வடமொழி. சூத்திரம் என்றால் நூல், தாரி என்றால் பிடித்திருப்பவர். நாடகத்தை நடத்திச் செல்பவர். இன்று செய்தித்தாளில் சதிகாரருக்கு மட்டுமே இதைப் பயன்படுத்திச் சொல்லின் முகத்தைக் கறுக்கவைத்துவிட்டார்கள். ஆனால் தமிழில் ‘நூல்’ என்ற சொல்லுக்கு உள்ள இரட்டைப் பொருளைப் பாருங்கள். புத்தகமும் நூல், பொம்மலாட்டக்காரர் விரலில் சுற்றியிருப்பதும் நூல். ‘புக் யார் கையில்?’ என்பதை ‘நூல் யார் கையில்?’ என்று சொன்னால் இரண்டு பொருளும் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆங்கிலத்துக்கே கிடைக்காத வாய்ப்பு.

ஆளைக் குறிக்க நான் பரிந்துரைப்பது ‘ஆட்டம் வகுப்பவர்’. பதவிப் பெயர் வேண்டுமென்றால் ‘வகுப்பாளர்’. வியூகம் வகுத்தார், திட்டம் வகுத்தார் என்று நாம் தினமும் எழுதும் வினை. பகுத்து, பங்கிட்டு, வரிசைப்படுத்தி, விதித்துவைப்பது எல்லாம் இந்த ஒரு வேரில் அடக்கம். ஊழைப் பற்றிப் பேசும்போது வள்ளுவர் ‘வகுத்தான்’ என்று ஒருவனைச் சொல்கிறார், இன்னாருக்கு இவ்வளவு என்று விதித்தவன். வளையத்துக்குள் நிற்கும் வீரருக்குப் புக்கர் அப்படித்தான். எவ்வளவு உழைத்தாலும் வகுத்ததற்கு மேல் கிடைக்காது. வினையாகவும் இது வசதியாக வளைகிறது. ‘அவரை வலுவாக வகுத்திருக்கிறார்கள்’, ‘இந்தப் பகையை அவசரமாக வகுத்துவிட்டார்கள்’ என்று தடையில்லாமல் எழுதலாம்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு 2022க்குத் திரும்பினால் ரசிகர்களின் ஆர்ப்பரிப்பு இன்னும் தெளிவாகப் புரியும். ஜூலை 30, நாஷ்வில், சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி. லெவெக் நூலைக் கையில் எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் ஆட்டத்தில் பியாங்கா பெலேர் பெக்கி லிஞ்சை வென்று, இருவரும் சமாதானமாகும் நேரம். பெய்லியின் இசை ஒலிக்கிறது. முழங்கால் காயத்தால் ஒரு வருஷம் காணாமல் போயிருந்தவர். அவர் பின்னால் டகோட்டா காய். மூன்று மாதத்துக்கு முன் வேலையை விட்டே அனுப்பப்பட்டவர்! மூன்றாவதாக இயோ ஸ்கை. மூன்று பெண்கள் வளைய விளிம்பில் ஏறி நின்றபோது எழுந்த சத்தம் அந்த மூவருக்காக மட்டும் எழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வகுப்பவர் மாறிவிட்டார் என்பதற்குக் கண்ணெதிரே கிடைத்த முதல் அத்தாட்சி அது. அக்டோபர் 8ஆம் தேதி பிலடெல்ஃபியாவில் விளக்கெல்லாம் அணைந்து, ஒரு கதவு திறந்து, கையில் லாந்தருடன் பிரே வயட் வந்து நின்றாரே, அது இரண்டாவது. அவரையும் 2021 ஜூலையில் வெளியே அனுப்பியிருந்தார்கள்.

சொற்களும் திரும்பி வந்தன. மக்மான் காலத்தில் வர்ணனையாளர்கள் ‘ரெஸ்லிங்’ என்ற சொல்லையே தவிர்க்க வேண்டும், ‘ஸ்போர்ட்ஸ் என்டர்டெயின்மென்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘பெல்ட்’ கூடாது, ‘ஹாஸ்பிடல்’ கூடாது. அந்தக் கோடை முடிவதற்குள் ரெஸ்லிங் என்ற சொல் ஒளிபரப்பில் தாராளமாகக் கேட்கத் தொடங்கியது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மக்மான் போனது கதை சலித்துப்போனதால் இல்லை. பெண்களைப் பேசவிடாமல் அடக்க அவர் கொடுத்த பணம் பற்றி இயக்குநர் குழு விசாரித்துக்கொண்டிருந்தது. 16 ஆண்டுகளில் நான்கு பெண்களுக்கு 1.2 கோடி டாலருக்கு மேல் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அந்த ஜூலையில் எழுதியது. அவர் ஓய்வை அறிவித்த இரவு பாஸ்டன் அரங்கில் ஸ்டெஃபனி தொடங்கிவைக்க ‘நன்றி வின்ஸ்’ என்று கூட்டம் கோஷம் போட்டது. குழந்தைப் பருவத்து ஞாபகங்களுக்கு நன்றி சொல்வது வேறு, அது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்களைப் பற்றி அந்த மேடையில் ஒரு சொல்லும் இல்லை, இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. 2023 தொடக்கத்தில் மக்மான் இயக்குநர் குழுவுக்குத் திரும்பினார், ஸ்டெஃபனி விலகினார். 2024 ஜனவரியில் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் பாலியல் துன்புறுத்தல் வழக்குத் தொடுத்த மறுநாள் மக்மான் மறுபடி விலகினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்திருக்கிறார்.

தலைமை மாறும்போதெல்லாம் ரசிகர்கள் தாங்களே ஆட்டம் வகுக்க ஆரம்பித்துவிடுவார்கள். யார் திரும்பி வர வேண்டும், யாருக்குப் பட்டம் என்று பட்டியல் பட்டியலாக. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஃபேன்டசி புக்கிங்’ என்று பெயர். தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. மனக்கோட்டை.

அந்தக் கோட்டை ஒருமுறை கல்லும் சுண்ணாம்புமாக எழும்பியதைப் பார்த்தோம். 2024 ஜனவரி 23இல் தாய் நிறுவனமான டிகேஓவின் இயக்குநர் குழுவில், மல்யுத்த வீரராக இருந்து ஹாலிவுட் நடிகரான ராக் (ட்வெயின் ஜான்சன்) சேர்ந்தார். பத்தே நாளில், பிப்ரவரி 2ஆம் தேதி வாராந்தர ஸ்மாக்டவுன் நிகழ்ச்சியில், ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவில் சாம்பியன் ரோமன் ரெயின்ஸோடு மோதும் வாய்ப்பைக் கோடி ரோட்ஸ் ராக்குக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் போவதுபோல வகுக்கப்பட்டிருந்தது. கோடி, டஸ்டி ரோட்ஸின் பிள்ளை. ஊருக்கெல்லாம் ஆட்டம் வகுத்த அந்த அப்பாவுக்கு டபிள்யூடபிள்யூஇ சாம்பியன் பட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை வாங்கித்தான் தன் கதை முடியும் என்று மகன் சொல்லிக்கொண்டே வந்தார். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் காட்சியின் யூடியூப் காணொளியில் எதிர்ப்பு வாக்குகள் குவிந்தன, ‘கோடிதான் வேண்டும்’ என்ற முழக்கம் அரங்கத்துக்குள்ளும் வந்தது. ஆறாவது நாள், பிப்ரவரி 8ஆம் தேதி, லாஸ் வேகஸ் மேடையில் கோடி மைக்கைப் பிடித்துத் தானே ரெயின்ஸோடு மோதப்போவதாக அறிவித்தார். ராக் அவர் கன்னத்தில் அறைந்தார். ரசிகர்களின் கோபத்தையே கதைக்குள் எடுத்துக்கொண்டு ராக்கை வில்லனாக்கி வகுத்தார்கள்.

ஏப்ரல் 7ஆம் தேதி இரவு, பிலடெல்ஃபியாவில், கோடி ஜெயித்தார். அப்பாவுக்கு வகுக்கப்படாத பட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.