வரைபின் அடியில் எந்த எண்?

ஹட்டன் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்குக் கணனி வகுப்பு எடுக்கிறேன். பைத்தன் என்ற நிரல்மொழியில் வரைபு போடப் பழக்கும்போது புத்தகத்தில் இருக்கிற எண்களைக் கொடுப்பதில்லை. வீட்டிலிருந்து ஏதாவது கணக்கைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். போன தடவை இரண்டு பிள்ளைகள் தங்கள் அம்மாமார் ஒரு மாதம் பறித்த தேயிலைக் கொழுந்தின் கணக்கைக் கொண்டு வந்தார்கள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுத்து எழுதிக் கொடுத்த துண்டுகளிலிருந்து, நாளுக்கு இத்தனை கிலோ என்று வரிசையாக. ஒருவரின் அம்மாவுக்குக் குறைந்தது 14 கிலோ, கூடியது 22. மற்றவரின் அம்மா மாதம் முழுவதும் 17-க்கும் 19-க்கும் இடையிலேயே நின்றிருக்கிறார்.

இரண்டு வரைபையும் அச்செடுத்து சுவரில் அருகருகே ஒட்டினோம். இரண்டு கோடும் தாளின் அடியிலிருந்து உச்சி வரை ஏறி இறங்கின. "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரித்தான் கூடிக் குறைஞ்சிருக்கு" என்று வகுப்பே சொன்னது. ஒருவருக்கு ஏற்ற இறக்கம் 8 கிலோ, மற்றவருக்கு வெறும் 2 கிலோ. எண்கள் சரி, நிரலும் சரி. கிலோவைக் காட்டும் நிலைக்குத்து அச்சு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மென்பொருள் தானே முடிவு செய்துகொண்டது, அதுவும் ஒவ்வொரு வரைபுக்கும் தனித்தனியாக.

அது முடிவு செய்கிற விதம் மிக எளிமையானது. நாங்கள் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப், ஜோன் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட நிரல் தொகுதி. தரவில் உள்ள சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் அது எடுத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் 5 சதவீதத்தை மேலேயும் கீழேயும் இடமாக விடும். 14-க்கும் 22-க்கும் இடையில் 8. அதன் 5 சதவீதம் 0.4. ஆகவே அச்சு 13.6-இல் தொடங்கி 22.4-இல் முடிகிறது. அடுத்த அம்மாவுக்கு 16.9 முதல் 19.1 வரை. தாளின் உயரம் ஒன்று, அதற்குள் அடைத்த கிலோ வேறு வேறு.

எல்லை தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் விகிதக் கணக்கு. வரைபுச் சட்டத்தின் உயரம் 400 பிக்சல் என்று வையுங்கள். 18 கிலோ எங்கே விழும்? 18-இலிருந்து அடி எல்லையான 13.6-ஐக் கழித்தால் 4.4. மொத்த வீச்சு 8.8. பாதி. எனவே அடியிலிருந்து 200-ஆவது பிக்சலில் புள்ளி விழுகிறது. இதே 18 கிலோவை 0 முதல் 25 வரையான அச்சில் போட்டால் 288-ஆவது பிக்சலுக்குப் போய்விடும். முன்னதில் 14-க்கும் 22-க்கும் இடையில் 364 பிக்சல் இடைவெளி. பின்னதில் 128 தான். கொழுந்து ஒரு கிராம்கூட மாறவில்லை, செங்குத்தாக நின்ற சரிவு மட்டும் மெல்லிய மேடாகிவிட்டது.

அந்த இரண்டு பிள்ளைகளின் வரைபுக்கும் தீர்வு, இரண்டையும் ஒரே சட்டகத்தில் போட்டு நிலைக்குத்து அச்சைப் பொதுவாக்குவது. துணை வரைபுகளை உருவாக்கும்போதே 'ஷேர்-வை' என்று கேட்டால் போதும். ஒப்பிடுவதற்காக அருகருகே வைக்கிற எந்த வரைபுக்கும் எல்லை ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எல்லையை நாமே கொடுக்க 'செட்-வை-லிம்' என்ற கட்டளை இருக்கிறது. இங்கேதான் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டாள். அச்சு 0-இலிருந்து தொடங்கட்டும் என்று நினைத்து, கீழ் எல்லை 0 என்று முதலில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் கோட்டை வரையச் சொன்னாள். "சேர், ஒன்னுமே வரலியே" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் வெறும் சட்டம். அச்சில் 0 முதல் 1 வரை எண்கள்.

நடந்தது இதுதான். தரவு எதுவும் இல்லாத வெற்றுச் சட்டத்தின் எல்லை 0 முதல் 1. அவள் கீழ் எல்லையைத் தொட்ட அந்தக் கணத்தில், தானாக எல்லையைச் சரிசெய்கிற வேலையை மென்பொருள் நிறுத்திக்கொண்டது. மேல் எல்லையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, ஆகவே அது 1-இலேயே நின்றுவிட்டது. பிறகு வந்த 14-உம் 22-உம் சட்டத்துக்கு வெகு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வரையப்பட்டன. வரியின் இடத்தை மாற்றி, முதலில் வரைந்து பிறகு எல்லையைக் கொடுத்ததும் கோடு வந்தது. திகதி அச்சிலும் இதே போன்ற ஒரு பொறி உண்டு. மாதத்தின் நாட்கள்தானே என்று 1 முதல் 31 வரை எல்லை கொடுத்தால், வரைபு 1970 ஜனவரிக்குப் போய்விடும். திகதிகளை அந்த ஆண்டின் முதல் நாளிலிருந்து எண்ணிய நாட்களாகத்தான் இன்றைய பதிப்புகள் உள்ளே வைத்திருக்கின்றன. எல்லையையும் திகதியாகவே கொடுக்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் 0-இலிருந்து தொடங்கிவிடலாமா? பட்டைகளின் உயரத்தால் அளவைக் காட்டும் சலாகை வரைபுக்கு ஆம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021-இல் 1000 ரூபாய் என்றும் 2024-இல் 1350 ரூபாய் என்றும் நிர்ணயமானது. இந்த இரண்டையும் சலாகையாகப் போட்டு அடி எல்லையை 900 ஆக்கினால், ஒரு சலாகையின் உயரம் 100, மற்றதன் உயரம் 450. நாலரை மடங்கு கூடியது போலத் தெரியும். உண்மையில் கூடியது 35 சதவீதம். சலாகையின் நீளத்தைத்தான் கண் அளக்கிறது. அடியை வெட்டினால் அந்த நீளம் பொய்யாகிறது. மேட்பிளாட்லிப் சலாகைகளைத் தானாகவே 0-இல்தான் நிறுத்தும். ஆகவே 900-இல் தொடங்கும் ஒரு சம்பள வரைபை அதில் போட்டிருந்தால், யாரோ ஒருவர் அந்த எண்ணைக் கையால் எழுதியிருக்கிறார். எதிர்ப்பக்கமும் உண்டு. மேல் எல்லையை 5000 ஆக்கினால் அதே உயர்வு ஒன்றுமே இல்லாதது போலச் சுருங்கிவிடும். வயிற்றுப்பாட்டோடு சம்பந்தப்பட்ட எண்ணை இப்படி நீட்டவோ அமுக்கவோ யாருக்கும் உரிமை இல்லை.

கோட்டு வரைபு வேறு. அங்கே கண் பார்ப்பது இடத்தையும் சரிவையும். நுவரெலியாவின் மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 14 பாகைக்கும் 17 பாகைக்கும் இடையில்தான். 0-இலிருந்து 30 வரை அச்சு போட்டால் மட்டமான கோடு ஒன்றுதான் மிஞ்சும்; 12 முதல் 18 வரை கொடுத்தால் பருவம் தெரியும். ஆனால் அதே ஊரில் தை, மாசி இரவுகளின் ஆகக் குறைந்த வெப்பநிலையை வரைவதானால் 0 பாகை கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும். தரையில் உறைபனி படிந்து உருளைக்கிழங்குச் செடி கருகுமா என்பதுதான் விவசாயியின் கேள்வி. கொழுந்துக் கணக்கிலும் அப்படித்தான். ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாட்சம்பளத்துக்கு, 18 கிலோ பறிக்க வேண்டும் என்று வைத்திருக்கும் தோட்டத்தில், 18-இல் ஒரு கிடைக்கோடு போட்டு, அது சட்டத்தின் நடுவில் வருகிற மாதிரி எல்லை கொடுப்பதே அந்த அம்மாவுக்குப் பயன்.

மழைக்கு வரும்போது எனக்குக் கவலை கூடிவிடுகிறது. 30 நாள் மழைமானிக் கணக்கு ஒன்றை எடுங்கள். 29 நாட்கள் தலா 10 மில்லிமீற்றர், ஒரு நாள் மட்டும் 310. தானாக எல்லை போட்டால் அந்த ஒரு நாள் விண்ணைத் தொடும், மற்றவை அடியில் ஒட்டிக்கிடக்கும். பார்க்க நன்றாக இல்லை என்று மேல் எல்லையை 60 ஆக்குவார்கள். மேட்பிளாட்லிப் அந்த 310-ஐ அழிப்பதில்லை, சட்டத்துக்கு வெளியே மறைக்கிறது. சராசரி கேட்டால் 20 என்று சரியாகவே வரும். ஆர் என்ற நிரல்மொழியின் வரைபுத் தொகுதியான ஜிஜிபிளாட்-2 அப்படி இல்லை. அங்கே 'வை-லிம்' என்று எல்லை கொடுத்தால், வெளியே நிற்கும் எண்ணை இல்லாத எண்ணாகவே ஆக்கிவிட்டு அதன் பிறகுதான் கணக்குப் பார்க்கும். அந்த வரைபிலேயே சராசரியைப் போடச் சொன்னால் 10 என்று வரும். பாதி மழை காணாமல் போய்விடும். ஒரு வரிசை நீக்கப்பட்டது என்று ஓர் எச்சரிக்கை வரத்தான் செய்யும், பலர் அதைப் படிப்பதில்லை. தரவைத் தொடாமல் பார்வையை மட்டும் குறுக்க அங்கே 'கோர்ட்-கார்ட்டீசியன்' என்ற தனிக் கட்டளை இருக்கிறது.

நம் மலைகளில் மண்ணை இறக்குவது பெரும்பாலும் அந்த ஒற்றைநாள் பெருமழையும் அதற்கு முந்திய சில நாள் ஈரமும். 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை மறக்காத ஒருவர், மழை வரைபின் உச்சியைக் காரணம் எழுதாமல் வெட்ட மாட்டார். நான் பிள்ளைகளுக்குப் பழக்குவது இரண்டு தட்டு வரைபு: திகதி அச்சு இரண்டுக்கும் ஒன்று, கீழ்த்தட்டில் 0 முதல் 60 வரை, சாதாரண நாட்களைப் பார்க்க, மேல்தட்டில் 0 முதல் 350 வரை, முழு உயரத்தோடு. கீழ்த்தட்டில் வெட்டுப்பட்ட இடத்தில் ஓர் அம்புக்குறி, அதன் பக்கத்தில் '310' என்று எண்.