இதய அறுவை சிகிச்சை: கையெழுத்துப் போடும் முன் உங்களுக்குள்ள உரிமை

இதய ஆபரேஷன் என்றதும் கை நடுங்குகிறது. நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்த ஒப்புதல் படிவத்துக்குப் பின்னால் உங்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது. போதிய விவரம் கேட்டறிந்த பிறகு சிகிச்சையை ஏற்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். உலக மருத்துவக் கழகம் 1981இல் லிஸ்பனில் ஏற்ற நோயாளர் உரிமைப் பிரகடனம் இதைத்தான் சொல்கிறது.

சுயநினைவோடு இருக்கும் பெரியவருக்குப் பதிலாக மகனோ மருமகளோ கையெழுத்திடுவது சரியல்ல. உடம்பு யாருடையதோ, சம்மதமும் அவருடையதாக இருக்க வேண்டும். நினைவிழந்து உயிர் ஊசலாடும் அவசரத்தில் மட்டும் டாக்டர்கள் காத்திருக்காமல் செய்யலாம்.

சரி, எதையெல்லாம் கேட்பது? பைபாஸ் என்றால் அடைத்த குழாயைத் தாண்டி ரத்தம் போக மாற்றுப் பாதை போடுவது. பெரும்பாலும் மார்பெலும்பை நடுவில் அறுத்துத் திறப்பார்கள், முடிந்ததும் கம்பியால் கட்டுவார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கனம் தூக்கக்கூடாது. காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்தால் அங்கேயும் ஒரு தழும்பு இருக்கும். கண் விழித்துக் காலில் கட்டைப் பார்த்துப் பயப்படாமலிருக்க, முன்பே கேட்டு வையுங்கள்.

இதயத்தில் ரத்தம் ஒரே திசையில் போகக் கதவுபோல் இருப்பது வால்வு; அதை மாற்றுவதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். உலோக வால்வு நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. விலங்குத் திசுவில் செய்த திசு வால்வுக்குப் பெரும்பாலும் அந்த மாத்திரை நெடுங்காலம் தேவைப்படாது. ஆனால் வருடங்கள் போகப் போகத் தேயும், இளம் வயதில் இன்னும் சீக்கிரம். மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம். பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்கு வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும் என்பது பெரிய விஷயம். வாழ்க்கையையே தொடும் இந்த முடிவை அவரிடம் கேட்காமல் எடுப்பது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று.

புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். வேறு டாக்டரிடமும் ஆலோசனை கேட்கலாம். யாரும் கோபப்பட வேண்டியதில்லை.

அப்புறம், மயக்க மருந்து தருவதற்கு முன் உங்கள் பெயர், என்ன ஆபரேஷன், சம்மதமா என்று கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கேள்விகள் இவை. உங்கள் வாயாலேயே பதில் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த நிமிடத்தில்கூட நிறுத்தச் சொல்லலாம், போட்ட கையெழுத்து அதற்குத் தடையில்லை.