பொருதகர்: தாக்குவதற்காகப் பின்வாங்கும் கிடா

‘ஊக்கம் உடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து’

திருக்குறளின் காலமறிதல் அதிகாரத்தில் வரும் இக்குறளில் (486) ‘பொருதகர்’ என்பது வினைத்தொகை. பொருத தகர், பொருகின்ற தகர், பொரும் தகர் என முக்காலத்துக்கும் விரியும். பொருதல் என்றால் போரிடுதல். தகர் என்றால் ஆட்டுக்கடா, பேச்சு வழக்கில் கிடா. ‘பேரும்’ என்பது ‘பெயரும்’ என்பதன் திரிபு. இங்கே பின்வாங்கும் என்று பொருள். வலிமை உடையவன் காலம் பார்த்து அடங்கியிருப்பது, சண்டைக்கிடா பாய்வதற்காகப் பின்னே கால்வாங்குவதைப் போன்றது என்பதே கருத்து.

தகர் பழஞ்சொல். ஆட்டின் ஆண்பாற் பெயர்களுள் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியல் இதைக் கூறுகிறது. புகாரின் புறச்சேரியைப் பாடும் பட்டினப்பாலையில் ‘மேழகத் தகரொடு சிவல் விளையாட’ என்று வருகிறது. தமிழில் இது ஏட்டோடு நின்றுவிட்டாலும் கன்னடத்தில் ‘டகரு’ என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. கிடாச்சண்டைக்கு அங்கே ‘டகரு காளக’ என்றே பெயர். ‘தகர்த்தல்’ என்னும் வினையிலிருந்து தகர் பிறந்தது என்று சொல்ல ஆசை எழும். ஆனால் ஒலியொற்றுமை ஒன்றே சான்றாகிவிடாது.

வள்ளுவர் கண்டது எந்தக் கிடாவை என்பதை உவமையே காட்டிக்கொடுக்கிறது. வெள்ளாட்டுக் கிடா பின்னங்கால்களில் நிமிர்ந்தெழுந்து மேலிருந்து முட்டும். செம்மறிக் கிடாவோ எதிரியின் மீது வைத்த கண்ணை எடுக்காமல் பல அடி பின்னே நகர்ந்து, தலையைத் தாழ்த்தி, ஓடிவந்து மண்டையோடு மண்டை மோதும். விலகிய தொலைவே ஓட்டத்துக்கு வேகத்தையும், வேகமே இடிக்கு வலுவையும் தருகிறது. ஆகவே இந்தத் தகர் செம்மறிக் கிடாவே.

‘புலி பதுங்குவது பாய்வதற்கே’ என்னும் பழமொழியை இதற்கு நிகராகச் சொல்வது வழக்கம். முழுப் பொருத்தம் என்று அதை ஏற்க இயலவில்லை; புலி இரையின் கண்ணில் படாமல் மறைகிறது, கிடாவோ எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்வாங்குகிறது.

இன்று ‘தந்திரோபாயப் பின்வாங்கல்’ என்று செய்திகளில் எழுதப்படுவதற்கு வள்ளுவரின் ‘ஒடுக்கம்’ நல்ல சொல்தான். ஆயினும் ஒடுக்குமுறையின் சாயல் அதன்மேல் படிந்துவிட்டதால், ‘பொருதகர்ப் பின்வாங்கல்’ என்றோ, எளிமையாகக் ‘கிடாப் பின்வாங்கல்’ என்றோ எழுதலாம்.