திரையில் 110, கறிக்குள் எவ்வளவு?

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வட்டாரத்தில் இப்போது சில வீட்டு மாடிகளில் பெல்லட் கிரில், அதாவது மரத்துண்டு எரித்துக் கறியைப் புகையில் வாட்டும் மின்சாரப் பெட்டி, வந்து உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பியது, ஊர் திரும்பியவர்கள் கையோடு கொண்டுவந்தது, குற்றாலம் சீசனை நம்பி விடுதிக்காரர்கள் வாங்கிப் போட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. விடுதிச் சமையலறைகளில் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அதனால் "வந்து பாருங்க சார்" என்று கூப்பிடுவார்கள். கறி நன்றாகவே வருகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் திரையில் தெரியும் டிகிரிக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, கறி வெந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்களே, அங்கேதான் எனக்குப் பயம்.

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த துண்டு. மாட்டுத் தீவனக் குச்சி போல, ஆறு மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும். அதைப் பக்கத்துத் தொட்டியில் கொட்டினால், மோட்டாரில் சுற்றும் திருகுத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குழிக்குள் தள்ளும். அங்கே ஒரு மின்தண்டு பழுத்து நெருப்பு மூட்டும், சின்ன விசிறி காற்று கொடுக்கும். பெட்டிக்குள் சூடு குறைந்தால் தண்டு வேகமாகத் தள்ளும், கூடினால் நிதானிக்கும். 1980களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் என்பவர் உருவாக்கிய ஏற்பாடு இது. பக்கத்திலேயே நின்று விறகைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதுதான் இதன் பெருமை. ஆனால் இதிலுள்ள சென்சார் அளப்பது பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூட்டை. கறியின் நடுவில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

பிரானூர் பார்டர் பக்கம் ஒரு வீட்டில் முழுக்கோழி வைத்திருந்தார்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்து, சரியாக இளகுவதற்குள் உள்ளே போன கோழி. மூன்று மணி நேரம் 110 டிகிரி. மேலே நல்ல செம்பழுப்பு நிறம், தெரு முனை வரை வாசனை. இலையும் போட்டாயிற்று. தொடைச் சந்தில் தெர்மாமீட்டரைக் குத்தினேன், 58 காட்டியது. வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன சார், மேல இவ்வளவு செவந்திருக்கு, உள்ள வேகலையா?" வேகவில்லை. சூட்டை 180க்கு ஏற்றி மறுபடி மூடினோம். பசியோடு காத்திருந்த மச்சான்மார் என்னை மன்னித்தார்களா என்று தெரியாது.

கோழி எதுவானாலும், பிராய்லரோ நாட்டுக்கோழியோ, உள்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். கொத்துக்கறியில் செய்த கபாப், உருண்டைக்கு 71. ஆடு, மாடு, பன்றியின் முழுத் துண்டுக்கு 63 போதும், இறக்கி மூன்று நிமிடம் விட்டுவிட்டு வெட்டலாம். இங்கே நம் பழக்கம் ஒன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாம் கறியை ஆழமாகக் கீறி மசாலாவைத் திணிப்போம். முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கத்தி இறங்கினால் அவையும் கூடவே உள்ளே போகும். அதனால் கீறிய துண்டுக்கும், எலும்பெடுத்துச் சுருட்டிக் கட்டிய கறிக்கும் நான் கொத்துக்கறியின் கணக்கைத்தான் சொல்வேன்.

குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முனையைத் துண்டின் மிகத் தடித்த இடத்தின் நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும். எலும்பில் பட்டால் கணக்கு தப்பும். வாங்கியதும் ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி உள்ளே விடுங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். கொதிநீரில் 100ஐ ஒட்டி நிற்க வேண்டும். இதே கருவியை மூணாறுக்குக் கொண்டுபோனால் கொதிநீரிலேயே 95 பக்கம்தான் காட்டும். அது உயரத்தின் வேலை, கருவியின் பழுது அல்ல.

நிறத்தை நம்பினால் எதிர்ப்பக்கமும் ஏமாறுவீர்கள். நன்றாக வெந்த பிறகும் புகையில் வாட்டிய கறியின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம் தெரியும். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் நிறமியோடு சேர்ந்து உண்டாக்குவது அது. அதைப் பச்சைக் கறி என்று நினைத்து மறுபடி வாட்டிக் கட்டையாக்கியவர்கள் உண்டு.

புனலூர் பக்கமிருந்து பன்றித் தோள்பட்டை வாங்கிவந்து வைப்பவர்களுக்கு வேறொரு சோதனை. உள்சூடு 65இலிருந்து 75க்குள் எங்கேயோ ஏறாமல் மணிக்கணக்கில் நின்றுவிடும். கறியிலிருந்து ஈரம் ஆவியாகி, ஏற்றுகிற சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு போகிறது. இயந்திரத்தில் கோளாறு இல்லை. அவசரமென்றால் ஃபாயில் தாளில் இறுகச் சுற்றி வையுங்கள். வாட்டிய வாழை இலையைச் சுற்றி அதன்மேல் ஃபாயில் போடுகிறவர்களும் உண்டு, எனக்கு அது இன்னும் பிடிக்கும். 63லேயே சாப்பிடப் பாதுகாப்புதான். நார் நாராகப் பிரிய வேண்டுமானால் 93, 95 வரை போக வேண்டும், அங்கேதான் கொலாஜன் என்ற கெட்டியான இணைப்புத் திசுப் புரதம் முழுக்கக் கரைந்திருக்கும். நான் கவனிக்கச் சொல்வது ஆரம்பக் கட்டத்தை. சில்லென்று வைத்த துண்டு நான்கு மணி நேரத்துக்குள் 60ஐத் தாண்டியாக வேண்டும். 5க்கும் 60க்கும் நடுவில் அதிக நேரம் கிடந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

இந்தக் கொண்டாட்டம் சாப்பிட்டு முடித்த பிறகும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சமைத்ததை மேசையில் மூடி வைத்துவிட்டு அருவிக்குக் குளிக்கப் போய்விடுவார்கள். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் வெந்த கறியிலும் உயிரோடு இருக்கும். பெரிய துண்டு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். அந்தக் கறியைச் சாப்பிட்ட ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வயிற்றைப் பிசைந்து பேதியாகும். வெளியில் வைப்பது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். முழுசாக ஃப்ரிட்ஜில் திணிக்காமல், பிய்த்துத் தட்டையான பாத்திரங்களில் பரப்பி வையுங்கள். மறுநாள் சூடாக்கும்போதும் 74தான் கணக்கு.

புற்றுநோய் வருமா என்றும் கேட்கிறார்கள். கொழுப்பு நெருப்பில் சொட்டி எழும் புகையில்தான் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்கள் அதிகம். இதில் நெருப்புக்கு மேலே தகடு இருப்பதால் கரி அடுப்பைவிட அது குறையும், முற்றிலும் நிற்காது. புகையூட்டியும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், சேர்த்தது. விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அன்றாடச் சாப்பாடு ஆக்காதீர்கள். தகட்டில் தேங்கும் கொழுப்பை ஒவ்வொரு முறையும் சுரண்டி எடுங்கள். அது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியை மூடி, பிளக்கைப் பிடுங்குங்கள்.

எரிபொருள் விஷயத்தில் எங்கள் ஊருக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. பார்டரைச் சுற்றி மர மில்கள், மில்லுக்கு மில் மரத்தூள் குவியல். சமையல் பெல்லட் விலையைப் பார்த்ததும், "இங்க மலையா கெடக்கே அண்ணாச்சி, இதையே போட்டா என்ன?" என்று தோன்றுவது இயல்பு. போடாதீர்கள். அந்தக் குவியலில் என்ன மரம் கலந்திருக்கிறது என்று மில்காரருக்கே தெரியாது. கேரளத்து ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காமலிருக்க போராக்ஸ் கரைசலில் ஊறவைப்பார்கள். பிளைவுட் தூளில் ஃபார்மால்டிஹைடு பசை இருக்கும். பாய்லருக்கென்று விற்கும் பெல்லட்டும் வேண்டாம், அதில் எந்தக் கழிவு மரமும் வரலாம். மூட்டையில் சமையலுக்கு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், என்ன மரம் என்றும் போட்டிருக்க வேண்டும்.

ஜூன் பிறந்தால் சாரல். திறந்து வைத்த மூட்டையிலுள்ள பெல்லட் ஈரம் குடித்து, உப்பி, உதிர்ந்து தூளாகிவிடும். அந்தத் தூள் திருகுத் தண்டில் இறுகினால் கழற்றித்தான் எடுக்க வேண்டும். சமைத்து முடித்ததும் தொட்டியில் மிஞ்சியதை அள்ளி, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஒடித்துப் பார்த்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். மழைக்குப் பயந்து இயந்திரத்தைக் கார் ஷெட்டுக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ தள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம் என்று வரும்போது பக்கத்தில் தூங்குகிற குழந்தைக்கும் அது போயிருக்கும்.

கரண்ட் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரம் 120 வோல்ட்டுக்கானது, நம் 230இல் நேரடியாகச் சொருகினால் கதை முடிந்தது. மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். உள்ளூர் மாடலானாலும் பாதியில் கரண்ட் போனால் விசிறி நிற்கும், நெருப்பு அணைந்து புகையும், சில சமயம் கங்கு தண்டு வழியே தொட்டிப் பக்கம் பின்னேறும். கரண்ட் வந்ததும் அப்படியே சுவிட்சைப் போடுவதுதான் ஆபத்து. தீக்குழியில் எரியாத பெல்லட் குவிந்திருந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றி மூடியைத் தூக்கும். ஆறவிட்டு, குழியைக் காலி செய்து, மூடியைத் திறந்து வைத்துத்தான் மறுபடி மூட்ட வேண்டும்.

அந்த இடைவெளியில் கறியைக் குத்திப் பாருங்கள். 60க்கு மேலே இருந்து, கரண்டும் சீக்கிரம் வந்துவிடும் போலிருந்தால் மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பொறுக்கலாம். கீழே இருந்தால் காத்திருக்காதீர்கள். துண்டு போட்டுக் குக்கரில் ஏற்றிவிடுங்கள். புகை அதற்குள் கறியில் ஏறியிருக்கும், மிச்சத்தை நாலு விசில் பார்த்துக்கொள்ளும்.